பரிமளாவின் நிறம்

செங்கல்பட்டில் ஏரியை ஒட்டிப் போகும் சாலைச் சுவரில், இந்தப் பக்கத்து மனிதர்கள் பன்னிரண்டு பேருடைய முகங்களைப் பீங்கான் டைல்ஸில் தீட்டிப் பதிக்கப்போகிறோம், அதில் உங்கள் பெண் பரிமளாவும் ஒருத்தி என்று சொல்வதற்காக விஜயகுமாரி டீச்சர் குப்பத்துக்கு வந்தபோது, பவானி கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"கலர்லயா போடுவீங்க, டீச்சர்?"

டீச்சர் திகைத்துப் போனார். ரிட்டையர் ஆனபிறகு ஊருக்கு நாலு நல்லது செய்வோம் என்று ஒரு குழு வைத்து நடத்துகிறவர். பெண்ணைப் பறிகொடுத்து எட்டு மாதம்கூட ஆகாத வீடு, எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது, எப்படித் தேற்றுவது என்று மாமல்லபுரம் வரைக்கும் பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தவர். இப்படி ஒரு கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை.

"ஆமாம்மா, கலர்லதான். சூளையில வச்சுச் சுடுவாங்க. வெயில் மழைக்கு ஒண்ணும் ஆகாது. நமக்கப்புறமும் இருக்கும்."

"அப்ப நல்ல கலரா போடச் சொல்லுங்க," என்றாள் பவானி. அதற்குப் பிறகுதான் அழுதாள்.

அவளைக் குறை சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. செங்கல்பட்டு மீன் மார்க்கெட்டில் பவானி என்ற பெயரில் இரண்டு பேர். ஒருத்தி வெறும் பவானி. இவள் கறுப்பு பவானி. இருபத்திரண்டு வருஷமாக அதுதான் பேர். "கறுப்பு பவானி வந்துட்டாளா?" "கறுப்பு பவானியாண்ட சங்கரா மீனு கீதா பாரு." கூப்பிடுகிறவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அடையாளத்துக்குச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். அவளும் பல்லைக் காட்டிக்கொண்டு, "வா நைனா, இன்னா வோணும்?" என்று கூடையைத் திறந்து காட்டுவாள். ஆனால் பஸ்ஸேறி வீட்டுக்குத் திரும்பும்போது, அன்றைக்கு எத்தனை தரம் அந்தப் பேர் காதில் விழுந்தது என்று கேட்டால் சரியாகச் சொல்லிவிடுவாள். தனக்கு ஒட்டிக்கொண்ட பேர் பெண்ணுக்கு ஒட்டிவிடக் கூடாது என்பது அவளுக்கு ஒரு வெறியாகவே இருந்தது.

பரிமளா பிறந்தபோது குழந்தையைக் கையில் வாங்கிய நாத்தனார் குப்பம்மா, "மூக்கும் முழியும் எடுப்பா கீது. நெறந்தான் கொஞ்சம் மட்டு," என்றாள். அன்றைக்குப் பிடித்தது பவானிக்கு அந்த வெறி. கடலை மாவு, கஸ்தூரி மஞ்சள், எலுமிச்சம்பழச் சாறு, டியூப் டியூபாக வெள்ளைக் க்ரீம். பள்ளிக்கூடம் கிளம்பும்போது முகத்தில் அப்புகிற பவுடரில் கண் இமைகூட வெளுத்துப்போய், குழந்தை மாவு மில்லிலிருந்து வருகிறாற்போல் இருக்கும்.

ஆனால் பரிமளா கடலைவிட்டு ஏறினால்தானே! பவானியின் அக்கா மகன் வசந்த், வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு அலைச்சறுக்குச் சொல்லிக்கொடுக்கும் கிளப்பில் வேலை பார்த்தான். அவன் போர்டைத் தூக்கிக்கொண்டு போனால் இந்தப் பதினோரு வயசு வாலும் பின்னாலேயே ஓடும். முதலில் விளையாட்டாக ஏறினாள். பிறகு இறங்கவே இல்லை. பதினேழு வயசில் மாநிலத்தில் முதல் பரிசு. பத்தொன்பதில் தேசியப் போட்டியில் இரண்டாவது. அதோடு நிற்காமல், கால் நனைக்கவே பயந்துகிடந்த குப்பத்துப் பெண் பிள்ளைகள் இருபது பேரை இழுத்துக்கொண்டு போய் நீச்சலும் போர்டும் கற்றுக்கொடுத்தாள். சுவரில் அவளுக்கு இடம் கிடைத்தது அதற்காகத்தான்.

மெடல் வாங்கிய மறுநாள் பேப்பரில் படம் வந்தது. போர்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஈரத் தலையோடு, எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றாள். பரிமளா அதை எடுத்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்து அம்மா கையில் கொடுத்தாள். பவானி பார்த்தாள்.

"இன்னாடி இது, இப்டி கருவாடாட்டம் போட்டுகீறான்? ஒரு பவுடர் பூசிகினு நிக்கக்கூடாதா?"

பரிமளா சிரித்தாள். "தண்ணியில பவுடரு எப்டிமா நிக்கும்?" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்தச் சிரிப்பு எவ்வளவு சீக்கிரம் அடங்கியது என்பதைப் பவானி அன்றைக்குக் கவனிக்கவில்லை. இப்போது மார்க்கெட்டில் உட்கார்ந்து செதில் தேய்க்கும்போதெல்லாம் அது மட்டும்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

இன்னொன்றும் நடந்தது. கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் கம்பெனியில் வேலை. பவானி ஸ்டூடியோக்காரனைக் கெஞ்சி, பெண்ணின் படத்தைக் கம்ப்யூட்டரில் நாலு படி வெளுப்பாக்கி அனுப்பியிருந்தாள். வந்தவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, கையிலிருந்த படத்தையும் காபி கொண்டுவந்த பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பஜ்ஜியை மட்டும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு, கலந்து பேசிச் சொல்கிறோம் என்று போனார்கள். இன்னும் கலந்து பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பரிமளா டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, புடவையை அவிழ்த்துப் போட்டுவிட்டு, போர்டை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனாள். பவானி வாசலில் நின்று அந்தச் சம்பந்தத்துக்காக அழுதாள். பெண்ணுக்காக அழவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

எந்தக் கடல் பெண்ணைக் கொண்டுபோய்விடுமோ என்று ஒன்பது வருஷம் பயந்தாளோ, அந்தக் கடல் அவளை ஒன்றும் செய்யவில்லை. கொசு செய்தது. டெங்கு. மூன்று நாள் காய்ச்சல், நாலாம் நாள் ஆஸ்பத்திரி, ஆறாம் நாள் பிணம். ரத்தம் கொடுக்கக் குப்பமே வரிசையில் நின்றது. ஒன்றும் நடக்கவில்லை. இருபது வயசு.

வீட்டுக்குக் கொண்டுவந்து குளிப்பாட்டிக் கிடத்தினார்கள். பவானி அலமாரியிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்துவந்து, அழுதுகொண்டே பெண்ணின் முகத்தில் பூசினாள். நெற்றி, கன்னம், கழுத்து. புருஷன் தணிகைவேல் வந்து கையைப் பிடித்தான். அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை. "வுடு பவானி," என்றான். அவள் விடவில்லை.

*

படங்களை வரைந்தவர் ஜெபசிங். கருங்குழியில் ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி ஒரு ஷெட். அதில் கேஸ் சூளை, களிமண் மூட்டைகள், வாளி வாளியாகச் சாயம். நாற்பது வயசு மனிதர். தாடியில் எப்போதும் மண் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு முகத்தையும் சூளையில் வைப்பதற்கு முன்னால் அந்தக் குடும்பத்தை வரவழைத்து, சரியாக இருக்கிறது என்று சொல்லவைத்து, கையெழுத்து வாங்கிக்கொள்வது அவர் வழக்கம். சுட்டபிறகு அழித்து எழுத முடியாது என்பதால் இந்த ஏற்பாடு.

தணிகைவேல் அன்றைக்குக் கடலுக்குப் போயிருந்தான். பவானி மட்டும் போனாள்.

நாலு பெரிய டைல்ஸ் சேர்த்து ஒரு முகம். மேஜையில் கிடந்தது. கண், மூக்கு, உப்புத் தண்ணீரில் செம்பட்டை ஏறிய முடி, எல்லாம் அச்சாகப் பரிமளா. ஆனால் நிறம் காய்ந்த சேறு மாதிரி, ஒரு உயிரில்லாமல் மங்கிக் கிடந்தது.  ஆஸ்பத்திரியில் ஆறாம் நாள் பார்த்த முகம் அது.

"இது சுடறதுக்கு முந்தி இருக்கற நிறம், அம்மா," என்றார் ஜெபசிங். "இப்ப வெளிறித்தான் தெரியும். மேல கண்ணாடிப் பூச்சு ஊத்திச் சூளைக்குள்ள போய் வந்தா அப்படியே மாறிடும். நல்லா ஆழமா வரும்."

"ஆழமான்னா?"

"இதைவிடக் கறுப்பா. பளபளன்னு."

"இதவிடயா?"

"ஆமாம்மா."

பவானி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாந்தம்பி. உனக்குப் புண்ணியமா போவும். கொஞ்சம் செவப்பா போட்டுக் குடு."

ஜெபசிங் சங்கடப்பட்டார். "உங்க பொண்ணு நிறம் இதுதானே? வசந்த் கொடுத்த இருபது போட்டோவையும் பாத்து, கலந்து கலந்து பாத்துத்தான் பிடிச்சேன். இதுல என்னம்மா குறை?"

"ஒனக்குத் தெரியாது தம்பி. ஊரே வந்து பாக்குற சொவுரு. பஸ்ல போறவன் வர்றவன்லாம் பாப்பான். என்னியச் சொன்னாமேரி எம்பொண்ண ஒருத்தனும் கறுப்பின்னு சொல்லிடக்கூடாது. உசுரோட இருக்கசொல்ல தான் பட்டா. சொவுத்துல ஏறியும் படணுமா?"

"யாரும் அப்படிச் சொல்லமாட்டாங்கம்மா."

"சொல்லுவாங்க தம்பி. இருபத்திரண்டு வருசமா கேட்டுகினு கீறேன்."

 செத்துப்போன பெண்ணின் தாய் கண்ணெதிரே நின்று அழுகிறாள். ஜெபசிங் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் செய்யும் தப்பையே அவரும் செய்தார். சரியென்று தலையாட்டினார். பூசிய சாயத்தை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, வேறு கலவை எடுத்துவந்து அவள் எதிரிலேயே தொட்டுக் காட்டினார். "இன்னும் கொஞ்சம்," என்றாள் பவானி. அவர் இன்னும் கொஞ்சம் வெள்ளை சேர்த்தார். "இன்னும் துளிபோல." மூன்றாவது தரம்தான் அவளுக்குத் திருப்தியாயிற்று. பேப்பரில் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வாழ்க்கையில் பெண்ணுக்கு ஒரு நல்லதாவது செய்தோம் என்ற நிம்மதியோடு பஸ் ஏறினாள்.

*

திறப்பு விழாவுக்குக் குப்பத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் போனார்கள். தணிகைவேல் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். நாதஸ்வரம், ஷாமியானா, பேச்சுக்குப் பேச்சு சால்வை. பெரிய அதிகாரி ஒருவர் வந்து கயிற்றை இழுத்தார். நீலத் துணி சரிந்து விழுந்தது.

பன்னிரண்டு முகங்களும் வெயிலில் ஜொலித்தன. ஆயிரக்கணக்கில் பிரசவம் பார்த்த நர்ஸம்மா, கூத்து வாத்தியார், கல் தச்சர், ஏரி ஆக்கிரமிப்பை எதிர்த்துத் தனியாகக் கேஸ் போட்ட விவசாயி. கடைசிக்கு முந்தினது பரிமளா. கோதுமை நிறத்தில், பாலில் முகம் கழுவினவள் மாதிரி இருந்தாள்.

பவானிக்கு முதலில் நெஞ்சு நிறைந்துதான் போயிற்று. ராஜாத்தி மாதிரி இருக்கிறாளே என்று தோன்றியது. இரண்டடி கிட்டே போனாள். அந்த முகமும் அவளைப் பார்த்தது. யாரோ ஒரு வீட்டுப் பெண், முன்பின் தெரியாதவர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தது.

வேனிலிருந்து கடைசியாக இறங்கிய வசந்த், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சுவரை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தான். பிறகு இன்னொரு தரம் பார்த்தான். பரிமளாவின் படத்துக்கு நேர் எதிரே நின்றுகொண்டு கேட்டான்:

"சித்தி, நம்ம பரிமளாவ எங்க வச்சிகீறாங்க?"

பவானி கையைக் காட்டினாள். வசந்த் திரும்பினான். கீழே எழுதியிருந்த பேரைப் படித்தான். படத்தைப் பார்த்தான். சித்தியைப் பார்த்தான். குனிந்து செருப்பைச் சரிசெய்ய ஆரம்பித்தான். அந்தச் செருப்பில் சரிசெய்ய ஒன்றுமே இல்லை.

"நல்லா கீது," என்றாள் குப்பம்மா. "செவப்பா கீது." மற்றப் பெண்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். சாவு வீட்டில் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்கள்.

தணிகைவேல் படத்தின் முன்னால் சிறிது நேரம் நின்றான். அப்புறம் சாலையைக் கடந்து போய் எதிர்க்கடையில் டீ சொல்லிவிட்டு, சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். வேன் கிளம்பும்வரை எழுந்து வரவில்லை. வீட்டுக்கு வந்தும் அதைப்பற்றிப் பேசவில்லை. திட்டியிருந்தால் பவானி திருப்பித் திட்டியிருப்பாள், மனசு ஆறியிருக்கும். அவன் வலையை எடுத்துப்போட்டுக்கொண்டு கிழிசல் தைக்க உட்கார்ந்துவிட்டான்.

*

போகப்போகச் சரியாகிவிடும் என்று பவானி நினைத்தாள். தினமும் கூடையோடு போகிற பஸ் அந்தச் சாலை வழியாகத்தான் போகும். முதல் வாரம் ஜன்னலோரம் இடம் பிடித்து, சுவர் வரும்போது எக்கி எக்கிப் பார்த்தாள். பழகிவிட்டால் பரிமளாவாகத் தெரிவாள் என்று நம்பினாள். தெரியவில்லை. இரண்டாம் வாரம் எதிர்ப்பக்க ஸீட்டில் உட்கார ஆரம்பித்தாள்.

மார்க்கெட்டில் பூங்கொடி என்று ஒரு வாடிக்கைக்காரி. ஆறு வருஷமாக வாரம் தவறாமல் வருகிறவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நெத்திலி வாங்கிக்கொண்டே, "ஏரியாண்ட சொவுத்துல படமெல்லாம் போட்டுகீறாங்களே, பாத்தியா? அந்த நர்ஸம்மாதான் என் ரெண்டு பசங்களுக்கும் பிரசவம் பாத்துச்சு," என்றாள்.

பவானிக்கு அடக்க முடியவில்லை. "எம்பொண்ணுகூட அதுல கீறாக்கா."

"உம்பொண்ணா? எது?"

"கடைசிக்கு முந்தி கீறா பாரு. போர்டுல அலை மேல போவும்ல, அந்தப் பொண்ணு."

பூங்கொடி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அந்தச் செவத்த பொண்ணா? போ பவானி, காலங்காத்தால வெளையாடிகினு."

"சாமி சத்தியமா, அக்கா."

"அது எதோ பெரிய எடத்துப் பொண்ணாட்டம் கீது. உங்க சைடுலயும் யாரும் அந்தக் கலரு இல்லியே."

பக்கத்துக் கடைக்காரி சிரித்தாள். பவானி அவசர அவசரமாக முந்தானையில் கையைத் துடைத்துவிட்டுச் செல்போனை எடுத்துப் பரிமளாவின் படத்தைக் காட்டினாள். போர்டு, ஈரத் தலை, அந்தச் சிரிப்பு. பூங்கொடி போனை வாங்கி, தூரத்திலும் கிட்டத்திலும் வைத்துப் பார்த்தாள்.

"பாவம், நல்லா லட்சணமா கீது. ஆனா இது வேற பொண்ணு, பவானி. சொவுத்துல கீறது இது இல்ல." பரிதாபப்பட்டுத்தான் சொன்னாள். பெண்ணைப் பறிகொடுத்த துக்கத்தில் புத்தி தடுமாறிப் பேசுகிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். மீதிச் சில்லறைகூடக் கேட்காமல் போய்விட்டாள்.

அன்றைக்குப் பவானி கூடையில் பாதி மீன் இருக்கும்போதே எழுந்துவிட்டாள். நேராக ஏரிச் சாலைக்கு நடந்துபோய் சுவரின் முன்னால் நின்றாள். ஒரு தரம் ஆஸ்பத்திரியில் பெண்ணைப் பறிகொடுத்தாயிற்று. அது விதி, கொசு, என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். இந்த இரண்டாவது தரம் பறிகொடுத்ததற்கு யாரைச் சொல்வது? கையெழுத்துப் போட்டது யார்? மூன்று தரம் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சொன்னது யார்? நடுச்சாலையில் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பைக்கில் போன இரண்டு பேர் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அங்கிருந்தே ஜெபசிங்குக்குப் போன் போட்டாள். "தம்பி, அது எம்பொண்ணு இல்ல தம்பி. தப்புப் பண்ணிட்டேன். எம்பொண்ணக் குடுத்துடு."

 ஜெபசிங், "தப்பு என்னோடதும்தான், அம்மா," என்றார். "நான் ஒத்துக்கிட்டிருக்கக் கூடாது. அந்த நாலு டைல்ஸையும் அறுத்து எடுத்துட்டுப் புதுசா செஞ்சு வச்சிடலாம். நான் டீச்சர்கிட்டப் பேசறேன். ஆனா ஒரு சிக்கல் இருக்கு."

சிக்கல் இதுதான். முதலில் கலந்த கலவையை அவர் எழுதிவைக்கவில்லை. கண் பார்வைக்குக் கலந்தது, அன்றைக்கே துடைத்துப் போட்டாயிற்று. இருபது போட்டோவிலும் பெண் இருபது நிறத்தில் இருக்கிறாள். ஒவ்வொரு செல்போனும் ஒவ்வொரு மாதிரி காட்டுகிறது. அவர் பரிமளாவை நேரில் பார்த்ததும் இல்லை. இந்தத் தடவை தோராயமாகச் செய்ய அவருக்கு மனசு வரவில்லை. சின்னச் சின்னத் துண்டுகளில் ஏழு விதமாக நிறம் கூட்டிச் சுட்டு வைக்கிறேன், வந்து அதில் எது உங்கள் பெண் என்று காட்டுங்கள், போதும் என்றார்.

*

இந்தத் தடவை தணிகைவேலையும் கூப்பிட்டாள். ஏன், எதற்கு என்று அவன் கேட்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். கருங்குழியில் இறங்கி ஷெட்டுக்கு நடந்தார்கள். அவன் வாசலிலேயே வேப்பமர நிழலில் நின்று பீடி பற்றவைத்தான்.

ஜெபசிங், சுட்ட துண்டுகளை நல்ல வெளிச்சத்தில் பார்க்கவேண்டும் என்று வெளியே சிமெண்டுத் திட்டில் வரிசையாக அடுக்கியிருந்தார். உள்ளங்கை அகலத்தில் ஏழு டைல்ஸ். வெல்ல நிறத்தில் தொடங்கி, புளி, காப்பிக்கொட்டை என்று போய், கடைசியில் நாவல்பழத்தில் முடிந்தது. ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் மயிரிழைதான் வித்தியாசம்.

"அவசரமில்லைம்மா. நிதானமாப் பாத்துச் சொல்லுங்க."

பவானி குனிந்தாள். இதென்ன பெரிய விஷயம், பெற்றவளுக்குத் தெரியாதா என்றுதான் குனிந்தாள். மூன்றாவதை எடுத்தாள். வைத்துவிட்டாள். ஐந்தாவதை எடுத்தாள். தன் முழங்கையோடு சேர்த்துவைத்துப் பார்த்தாள். அதையும் வைத்துவிட்டாள்.

கண்ணை மூடிக்கொண்டு பெண்ணை வரவழைத்தாள். வந்தாள். இடது முட்டியில் போர்டு கிழித்த தழும்போடு வந்தாள். மேல்பல் வரிசையில் ஒன்று சற்றே ஏறியிருப்பது தெரிந்தது. காதுக்குப் பின்னால் இருந்த மச்சம் தெரிந்தது. நடை, குரல், தும்மினால் மூன்று தரம் தும்முவது எல்லாம் வந்தது. நிறம் மட்டும் வரவில்லை. கடலை மாவு அப்பிய முகம் வந்தது. க்ரீம் பூசிய முகம் வந்தது. பவுடர் பூசிய முகம் வந்தது, கடைசியாகப் பூசியது உட்பட. அதற்கெல்லாம் அடியில் என்ன இருந்தது? கறுப்பு. அப்படி ஒரு வார்த்தைதான் இருந்தது. அந்த வார்த்தையோடு இருபது வருஷம் மல்லுக்கட்டியிருக்கிறாளே ஒழிய, அந்தப் பெண்ணின் தோலை ஒரு நாளாவது ஆசையாக, சும்மா, உட்கார்ந்து பார்த்திருக்கிறாளா? துடைத்து எடுக்கவேண்டிய அழுக்கைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்திருக்கிறாள்.

ஏழு துண்டுகளும் வெயிலில் கிடந்தன. ஜெபசிங் காத்துக்கொண்டு நின்றார்.

"தெர்ல தம்பி," என்றாள் பவானி.  இன்னொரு தரம் சொன்னாள். "பெத்தவ நானு. எனுக்குத் தெர்ல."

அவள் திட்டின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஜெபசிங் வாசலைப் பார்த்தார். தணிகைவேல் பீடியைக் காலால் நசுக்கிவிட்டு வந்தான். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டான். வரிசையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஆறாவது துண்டைக் கையில் எடுத்தான்.

"இது," என்றான்.

"நல்லாப் பாருய்யா," என்றாள் பவானி பதறிப்போய். "இந்தத் தபா தப்பாப் பூட்டா அவ்ளோதான். எல்லாத்தையும் வச்சிப் பாரு."

அவன் மற்றவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த தண்ணீர் வாளியில் அந்தத் துண்டை முக்கி எடுத்து, ஈரம் சொட்டச்சொட்ட வெயிலில் தூக்கிப் பிடித்தான். தண்ணீர் வழிந்து இறங்கிய இடத்தில் கறுப்புக்குள்ளேயிருந்து லேசாக ஒரு செம்பு நிறம் எழும்பி வந்தது.

"அலையிலேந்து ஏறி வரசொல்ல கழுத்தாண்ட இப்டிதான் இருக்கும்," என்றான்.

"உனுக்கு எப்டிய்யா தெரியும்?"

"பாத்துகினுதான இருந்தேன்," என்றான் தணிகைவேல்.

அதில் குத்தல் எதுவும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான். ஆனால் பவானிக்கு அவன் அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அவள் கையை நீட்டினாள். அவன் கொடுத்தான். சூளையில் வெந்த சின்னத் துண்டு, ஈரமாக, வெயிலுக்கு இளஞ்சூடாக, உள்ளங்கைக்குள் அடங்கியது. அதைத் துடைக்காமல், எதையும் பூசாமல், வெகு நேரம் பார்த்தாள். ஜெபசிங் துண்டின் எண்ணைக் குறித்துக்கொள்வதற்காகப் பென்சிலோடு வந்து நின்றுவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே திரும்பிப் போனார்.

"அழகா கீறாய்யா நம்ம பொண்ணு," என்றாள் பவானி.

தணிகைவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் இன்னொரு தரம் சொன்னாள், யாரோ உள்ளே தூங்கிக்கொண்டிருப்பவளை எழுப்புவதுபோலக் கொஞ்சம் உரக்கவே சொன்னாள். கேட்டிருக்க வேண்டியவள்தான் இல்லை.